நாற்பது வீட்டுக்கு ஆறு வார்த்தை

செங்கல்பட்டு அரிசி மில்லில் கோணி தைத்துக்கொண்டிருந்த சின்னராசுவின் மூத்த மகன் பக்தவத்சலம், 1973ஆம் வருடம் பொருளாதாரத்தில் பி.ஏ. தேறினான். மூன்றாம் வகுப்புதான். ஆனால் அவன் வம்சத்தில் அதற்கு முன்னால் ஐந்தாவதைத் தாண்டியவர்கள் கிடையாது என்பதால் வகுப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. அப்பா மறுநாளே ஒரு பெயின்டரைக் கூட்டிவந்து வாசல் கதவில் பெயரும் பட்டமும் எழுதச் சொன்னார். கதவு சின்னது. பெயின்டர் உற்சாகத்தில் 'பி.ஏ.'வை முதலில், பெரிதாக எழுதிவிட்டார். மிஞ்சிய இடத்தில் 'பக்தவ' வரைக்கும்தான் வந்தது.

அன்று முதல் தெருவுக்கு வந்த ஆங்கிலக் காகிதம் எல்லாம் அந்தக் கதவுக்கு வந்தது. பக்தவத்சலம் ஒவ்வொன்றையும் நின்றபடி, உரத்த குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்துக் காட்டுவான். அர்த்தம் என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. ஏற்ற இறக்கத்தைக் கேட்டு, நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவர்களே முடிவுசெய்துகொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு அவன் மட்டும் காகிதம் இல்லாத கையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். மூன்று வருடம் படித்தது குரலை மட்டும்தானோ?

இரண்டு வருடம் வேலை தேடிய பிறகு கடற்சாதனப் பரிசோதனைத் திட்டம் என்ற ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் இரண்டு அறை. ஆறு மாதத்துக்குத் தற்காலிகக் கணக்கெடுப்பாளர். வெளிநாட்டிலிருந்து நான்கு வகை நைலான் கயிறும் மூன்று வகைத் தூண்டில் முள்ளும் வந்திருந்தன. அவற்றைக் கடலோரக் குப்பங்களுக்குக் கொடுத்து, ஒரு மாதம் புழங்கவிட்டு, கருத்துக் கேட்டு எழுத வேண்டும்.

பதில்களைக் கேட்டு வாங்கப் பதினொரு பக்கப் படிவம் ஒன்று இருந்தது. அதைத் தயாரித்தவர் கடலைப் பார்த்திருக்கலாம். கடலுக்குப் போகிறவரைப் பார்த்திருக்க மாட்டார். 'இழுக்கும்போது கயிற்றை எப்படி உணர்கிறீர்கள்?' என்பது கேள்வி. எதிரே ஆறு கட்டங்கள்: டைட், டாட், டென்ஸ், ஸ்டிஃப், ஸ்ட்ரெயின்ட், ஸ்ட்ரெச்ட். முள்ளுக்கு மூன்று: ஷார்ப், கீன், அக்யூட். ஒன்றில் மட்டும் டிக் அடிக்க வேண்டும். கீழே ஒரு குறிப்பு: இந்தச் சொற்களை மொழிபெயர்க்கக் கூடாது, மொழிபெயர்த்தால் நுட்பம் கெடும், வேறுபாடுகளைக் கணக்கெடுப்பாளர் வாய்மொழியாக விளக்க வேண்டும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்டார் தொழில்நுட்ப அலுவலர் தேவசகாயம்.

"புரிஞ்சுது சார்."

"நாப்பது ஃபாரம். ஒழுங்கா வந்தா உன் பேரை நிரந்தர லிஸ்டுல போட்டு அனுப்பறேன். இல்லைன்னா மாசக் கடைசியோட சரி. வீட்டுல சொல்லிடு."

வீட்டில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. நிரந்தரம் ஆகிவிட்டது என்று அப்பா மில்லில் ஏற்கெனவே மிட்டாய் கொடுத்திருந்தார்.

பக்தவத்சலம் நேரே நூலகத்துக்குப் போய் அகராதியை இறக்கினான். டாட் என்றால் டைட் என்று போட்டிருந்தது. டைட்டைப் பார்த்தால், டென்ஸைப் பார்க்கவும் என்றது. டென்ஸ் என்றால் டாட். மூன்று பக்கத்திலும் மூன்று விரலை வைத்துக்கொண்டு நூலகம் மூடும்வரை உட்கார்ந்திருந்தான். கீனுக்குப் போனால் அக்யூட், அக்யூட்டுக்கு ஷார்ப், ஷார்ப்புக்குக் கீன். இதெல்லாம் தெரிந்தவன் என்றுதான் வாசல் கதவில் எழுதியிருக்கிறது.

மறுநாள் திருக்கழுக்குன்றத்தில் பஸ் மாறி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுமேட்டுக் குப்பத்தில் போய் இறங்கினான். கட்டுமரத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த இருசப்பன்தான் முதல் ஆள். கயிறு அவனிடம் ஒரு மாதமாக இருந்தது.

"ஏ நம்பர் கயிறு எப்படிங்க இருக்கு?"

"நல்லா கீது சார்."

"அது சரி. டாட்டா இருக்கா, டென்ஸா இருக்கா?"

இருசப்பன் வலையைக் கீழே போட்டான். "இரு சார். அத நான் எப்டி சொல்றது? ஊரக் கேக்கணும்."

"கயிறு உங்க கையிலதானே இருக்கு?"

"கை என்துதான். பதிலு ஊருது."

அந்தக் குப்பத்தின் வழக்கம் அது. பல வருடம் முன்னால் கரையில் ஒரு தேக்குக்கட்டை ஒதுங்கியபோது, எங்கிருந்து வந்தது என்று போலீஸ் கேட்டிருக்கிறது. ஒருத்தர் வடக்கே கை காட்ட, இன்னொருத்தர் தெற்கே கை காட்ட, இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மூன்று நாள் ஒருவரைப் பற்றி மற்றவரிடம் விசாரித்தார்களாம். அதிலிருந்து வெளியாள் யார் வந்து எதைக் கேட்டாலும் ஊர் கூடி ஒரு பதிலை முடிவுசெய்யும். பிறகு எந்த வீட்டில் கேட்டாலும் அதுதான் பதில். குடும்ப நலத்துறையிலிருந்து வந்து எத்தனை பிள்ளைகள் என்று கேட்டபோது, எல்லா வீட்டிலும் மூன்று என்று சொன்னார்களாம். அதில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

ஆக, ஊர் கூடியது. கங்கையம்மன் கோயில் எதிரே மணலில், காலை பத்து மணி வெயிலில், ஊர்த் தலைவரான நாட்டார் காசிநாதன் நடுவில் உட்கார்ந்தார். ஆண்கள் ஒரு பக்கம், மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் பெண்கள் ஒரு பக்கம்.

"ஆறு வார்த்தயயும் ஒரு தபா சொல்லு சார்," என்றார் நாட்டார்.

பக்தவத்சலம் நின்றபடி, உரத்த குரலில் படித்தான்.

"எல்லாம் ஒரே வூட்டுப் புள்ளைங்க மாதிரி கீதே," என்றான் மூர்த்தி. எதைச் சொன்னாலும் சிரிப்பு வாங்கப் பார்க்கிற ஆள். "மூஞ்சி ஒண்ணா கீது, பேரு மட்டும் வேற."

"இன்னா வித்தியாசம் சார்?" என்றார் நாட்டார்.

"டைட்டுன்னா, டென்ஸ் மாதிரி. டென்ஸுன்னா, டாட் மாதிரி."

"டாட்டுன்னா?" என்று கேட்டாள் குப்பம்மா. மாமல்லபுரம் சந்தையில் இருபது வருடமாக மீன் விற்கிறவள். எடைக்கல்லைக் கண்ணாலேயே நிறுப்பாள்.

"டைட் மாதிரி."

"பாத்தியா," என்றார் நாட்டார், "ஒருத்தன் மேல ஒருத்தன் கைய காட்டிகினு கீறானுங்க. டேசன்ல இப்டித்தான் ஆச்சி."

பக்தவத்சலம் படிவத்தை மறுபடி புரட்டினான். நிரந்தர லிஸ்ட் கண்ணெதிரே மணலில் புதைந்துகொண்டிருந்தது.

"சொம்மா கயித்த கைல குடுத்தா இன்னா தெரியும் தம்பி?" என்றாள் குப்பம்மா. "எப்போ இருக்கற கயிறு? அதச் சொல்லு."

அதற்கப்புறம் அவனை யாரும் பார்க்கவில்லை. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

"மரத்த இஸ்து கரைல கட்டிட்டேன்," என்றான் இருசப்பன். "கயித்துல தொய்வு கிடையாது. வெரலால தட்னா விண்ணுங்குது. ஆனா அதுக்கு நோவு கிடையாது. வேலைக்கு ரெடியா நிக்குது. அது ஒரு தினுசு."

"முடிச்சு வுழுந்து பல்லால கடிச்சாலும் அவுரல. அது வேற," என்றது ஒரு குரல்.

"வல நெறைய மீனு. கயிறு தாங்குது, ஆனா நூலு நூலா மொனகுது. நமக்கே பாவமா கீது. அது?"

"உப்புத் தண்ணில ஊறி வெயில்ல காஞ்சி, வளைய மாட்டேன்னு நிக்கறது? குப்பம்மா புருசன் கழுத்து மாதிரி," என்றான் மூர்த்தி.

"எம் புருசன் கழுத்த எதுக்குடா இஸ்குற, கஸ்மாலம்?"

"ஒரு கோழிய அறுத்து எழுபது எலைக்கு இஸ்துகினு போனியே உம் பொண்ணு கல்யாணத்துல, அது எதுல வரும்?"

"அலை இஸ்துகினு போவ சொல்லோ," என்று குறுக்கிட்டார் நாட்டார், "அறுந்துடுமோ அறாதோன்னு ஒண்ணு நிக்கும் பாரு. அது கயித்துல கெடயாது. நம்ம வயித்துல கீது."

பக்தவத்சலம் பென்சிலை எடுத்துவிட்டிருந்தான். தட்டினால் விண்ணென்பது டாட். அவிழாத முடிச்சு டைட். முனகுவது ஸ்ட்ரெயின்ட். கழுத்து ஸ்டிஃப். கோழி ஸ்ட்ரெச்ட். வயிற்றில் இருப்பது டென்ஸ். எப்படித் தெரிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அகராதியில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்த ஆறு சொற்களும் வரிசையாக மணலில் வந்து உட்கார்ந்துவிட்டன. நூலகம் மூடும்வரை தேடியதை மீன்கூடை மேல் உட்கார்ந்திருப்பவர்கள் சண்டை போட்டுக்கொண்டே கொடுக்கிறார்கள். அப்படியென்றால் யார் யாருக்கு விளக்க வேண்டும் என்று அந்தப் படிவத்தில் எழுதியிருந்தது? யோசிப்பதற்குள் முள்ளுக்குப் போய்விட்டார்கள். பட்டவுடன் கீறுவது ஷார்ப். பட்டதே தெரியாமல் உள்ளே போயிருப்பது கீன். போன பிறகு ஒரே இடத்தில் சுருக் சுருக்கென்று நாளெல்லாம் நிற்பது அக்யூட்.

இரண்டு மணிக்கு ஊர் தீர்ப்புச் சொன்னது: கயிறு ஏ டாட்டு, பி டென்ஸு, சி ஸ்டிப்பு, டி ஸ்ட்ரெயின்ட்டு. முள்ளு ஒண்ணு ஷார்ப்பு, ரெண்டு கீனு, மூணு அக்யூட்டு.

அடுத்த நான்கு நாளும் நாற்பது வீட்டுக்கும் போனான். எல்லா வீட்டிலும் அதையே ஒப்பித்தார்கள். செங்கம்மாள் என்ற கிழவிக்குக் காது கேட்காது. இவன் நிழல் வாசலில் தட்டியதுமே ஏ டாட்டு என்று தொடங்கிவிட்டாள்.

நாற்பது படிவத்தையும் தேவசகாயம் புரட்டிப் பார்த்தார். பத்தாவதுக்கு மேல் புரட்டவில்லை.

"மரத்தடியில உட்கார்ந்து நீயே டிக் அடிச்சியா?"

"இல்ல சார். ஊர் சொன்ன பதில் சார்."

"ஊருக்கு ஏதுய்யா கை? நாப்பது பேருன்னா நாப்பது கை. ஒருத்தன் உணர்றது இன்னொருத்தனுக்கு வருமா? மனுஷன்னா மாறணும்." பேனாவை மூடினார். "வெள்ளிக்கிழமை நானே வரேன். என் கண் முன்னால ஆளுக்கு ஆள் மாத்திச் சொல்லணும். சொல்லலைன்னா நீ திரும்ப ஜீப்புல என் கூட வர வேண்டாம்."

வியாழக்கிழமை பக்தவத்சலம் நாட்டார் முன்னால் போய் நின்றான். வேலை போய்விடும் என்பதை மறைக்காமல் சொன்னான். ஆளுக்கொரு பதில் வேண்டும் என்றான்.

"ஆளுக்கு ஒண்ணா?" நாட்டாருக்கு இது பெரிய விஷயமாகப் பட்டது. "அத ஊருதான் முடிவு பண்ணணும்."

ஊர் மறுபடி கூடியது. யாரும் யாரோடும் ஒத்துப்போகக் கூடாது என்று ஒருமனதாக முடிவாயிற்று. அடுத்த கேள்வி, யாருக்கு எந்த வார்த்தை? மீன் வந்தால் கூறு கட்டிப் பிரிப்பது போலப் பிரித்துவிடலாம் என்றார் நாட்டார். ஏ நம்பர் கயிற்றுக்கு ஆறு வார்த்தை, நாற்பது வீடு. இன்ன வீட்டுக்கு இன்னது என்று கூறு விழுந்தது. உடனே தகராறும் வந்தது. இளவட்டங்கள் எல்லாருக்கும் முள்ளில் கீன் வேண்டும். ஸ்டிஃப் யாருக்கும் வேண்டாம்.

"எனக்கா ஸ்டிப்பு? எங்க வூட்டுல ஏற்கனவே ஒரு கழுத்து கீது, பத்தாதா?" என்றாள் குப்பம்மா.

"கூறு வுழுந்தது வுழுந்ததுதான்," என்றார் நாட்டார்.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினார் தேவசகாயம். நாற்காலி போட்டார்கள். சோடா வந்தது. ஏ நம்பர் கயிற்றை அவரே கையில் எடுத்து, ஒரு முனையை வேப்பமரத்தில் கட்டச் சொன்னார். ஒவ்வொருவராக வந்து மறுமுனையைப் பிடித்து இழுத்துப் பார்த்து அவரிடம் பதில் சொன்னார்கள்.

மூர்த்தி இழுத்தான். "டைட்டு சார்."

இருசப்பன் இழுத்தான். "டென்ஸு சார்."

"ஸ்ட்ரெச்சுடு," என்றது அடுத்த ஆள்.

தேவசகாயத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தியா? இதுதான் விஞ்ஞானம். மனுஷனுக்கு மனுஷன் மாறுது," என்று பக்தவத்சலத்தின் தோளில் தட்டினார். தோள் கல்லாக இருந்தது.

ஐந்தாவதாகக் குப்பம்மா வந்தாள். கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றி, காலை மணலில் ஊன்றி, ஒரு இழு இழுத்தாள். வேப்பமரத்திலிருந்து காய் உதிர்ந்தது.

"சார்," என்றாள், "இத ஸ்டிப்புன்னு சொல்ல சொல்லிக் கீறாங்க. ஆனா கைல புடிச்சா அப்டி இல்ல சார். பொய் சொன்னா கை கூசுது. இது டென்ஸு."

"அது எங் கூறு!" என்று கத்தினான் இருசப்பன்.

"என்ன கூறு?" என்றார் தேவசகாயம்.

"எனக்கு வுழுந்தது சார் அது. இவ எப்டி எடுப்பா? நாளைக்கு என் மீனையும் எடுப்பியா நீ?"

"கயித்தப் புடிச்சுப் பாத்துட்டுப் பேசுடா. நீ எங்க இஸ்த? சொம்மா தடவிட்டு வந்த!"

இருசப்பன் வந்து கயிற்றைப் பிடித்தான். அவனை நம்பாமல் மூர்த்தி பிடித்தான். பிறகு பெண்கள். தனக்கு விழுந்த வார்த்தை சரிதானா என்ற சந்தேகம் அப்போதுதான் ஒவ்வொருவருக்கும் வந்ததுபோல நாற்பது பேரும் கயிற்றைப் பிடித்தார்கள். யாரோ மரத்திலிருந்து முனையை அவிழ்த்துவிட, ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்தது. நாற்காலி நடுவில் இருந்தது. எழுந்து ஒதுங்கப் பார்த்த தேவசகாயத்தின் இடுப்பில் கயிறு ஒரு சுற்று விழுந்தது.

"டாட்டுதான்! முன்னாடி சொன்னதுதான் கரெக்டு!" என்றது தெற்குப் பக்கம்.

"இஸ்துப் பாரு, மொனகுதா இல்லயா?" என்றது வடக்குப் பக்கம்.

"நீயே சொல்லு சார்!" என்றார் நாட்டார், சோடா பாட்டிலைப் பத்திரமாக எடுத்து ஓரம் வைத்துவிட்டு. "நடுவுல நிக்கறது நீதான். இப்ப இது இன்னா?"

"இழுக்காதீங்கய்யா!" என்று அலறினார் தேவசகாயம்.

"அது ஆறுல இல்லயே சார்," என்றாள் குப்பம்மா.

தேவசகாயம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பக்தவத்சலம் கீழே நின்றான். ஏறச் சொல்வாரா என்று தெரியவில்லை. ஏதோ ஒன்று முடிந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. காலிப் படிவங்களை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான்.

"டாட்டுக்கும் டென்ஸுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டார் அவர். "டிக்‌ஷனரில இருக்கறதைச் சொல்லாதே. அதை நான் பாத்துட்டேன்."

பக்தவத்சலம் யோசித்தான். "டாட்டுன்னா கயித்துக்கு என்ன வேலைன்னு கயித்துக்குத் தெரியும் சார். தொய்வு இல்ல, வலியும் இல்ல. டென்ஸுன்னா என்ன ஆகப் போகுதுன்னு யாருக்கும் தெரியாது. பிடிச்சிருக்கிறவன் வயித்துலதான் இருக்கும். காலையிலேர்ந்து எனக்கு இருக்கிற மாதிரி."

"கொஞ்சம் முன்னாடி எனக்கு இருந்தது?"

"அது ஸ்ட்ரெயின்ட் சார்."

தேவசகாயம் அவனை நிமிர்ந்து பார்த்தார். "பதினோராம் பக்கத்துல கணக்கெடுப்பாளர் குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. இந்தக் கடற்கரை முழுக்க ஒருத்தனும் எழுதினதில்ல. எழுது. அந்தப் பொம்பளை சொன்னது, கோழி, கழுத்து, எல்லாத்தையும் எழுது. முதல்ல கொண்டுவந்த நாப்பதோட சேர்த்து அனுப்பறேன்." பிறகு, டிரைவருக்குக் கேட்காத குரலில், "எனக்கும் இது தற்காலிகம்தான்ய்யா. மார்ச் வரைக்கும்," என்றார்.

ஜீப்பில் இடம் இருந்தது. பக்தவத்சலம் ஏறிக்கொண்டான்.

அன்று ராத்திரி முழுக்க எழுதினான். எழுதும்போது ஒரு கேள்வி விடாமல் குடைந்தது. முதல் நாற்பதும் நாற்பது பேர் தங்கள் வாயால் சொன்னதுதான். இன்று சொன்னதும் அவர்கள் வாயால் சொன்னதுதான். இதில் எது பொய்? ஊர் கொடுத்த வார்த்தையை விட்டுவிட்டு, கையால் பிடித்துப் பார்த்துச் சொன்னது குப்பம்மா ஒருத்திதான். அவளுக்கு ஒரு படிவம் தனியாக வைத்து, ஏ நம்பருக்கு நேரே டென்ஸில் டிக் அடித்தான். முப்பத்தொன்பது ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம்.

ஒன்றரை மாதம் கழித்து மேலிடத்திலிருந்து பதில் வந்தது. பக்தவத்சலத்தின் பெயர் நிரந்தர லிஸ்டில் இல்லை. லிஸ்டே இல்லை. ஆனால் பதினோராம் பக்கம் மிகவும் பயனுள்ளதாக இருந்ததாகவும், அதனால் இருவருடைய பணியும் மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுவதாகவும், அடுத்ததாகக் கயிறு தளர்ந்திருக்கும் நிலையைப் பற்றி ஆய்வு தேவை என்றும் எழுதியிருந்தது. கூடவே புதிய படிவம் இருந்தது. பதினான்கு பக்கம். லூஸ், ஸ்லாக், லிம்ப், ஃப்ளாபி, இன்னும் மூன்று.

அப்பாவிடம் ஆறு மாதம் என்று சொன்னான். அப்பா அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மில்லில் இன்னொரு தடவை மிட்டாய் கொடுத்தார்.

புதுமேட்டுக் குப்பத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது இருசப்பன் ரோட்டோரத்தில் மீன் லாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தான். பக்தவத்சலத்தின் கையிலிருந்த படிவக் கட்டைப் பார்த்ததும் புரிந்துகொண்டான்.

"மறுபடியுமா சார்? எத்தன வார்த்த?"

"ஏழு."

இருசப்பன் தலையைச் சொறிந்தான். கடலைப் பார்த்தான். "மொதல்லயே சொல்லிடு சார். ஊருக்கு ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?"

பக்தவத்சலம் படிவத்தைப் பிரித்துப் பார்த்தான். அதைப் பற்றி அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை. கட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"குப்பம்மா வூட்டுல இருக்காங்களா?" என்று கேட்டான். "மொதல்ல அவங்க பிடிச்சுப் பாக்கட்டும்."